பட்டறை எங்கே, ஏன் அங்கே? மதுரையின் தொழில் வரைபடம்

போனில் மேப்பைத் திறந்து மதுரை ரயில் நிலையத்தில் விரலை வையுங்க. தண்டவாளத்துக்கு மேற்கே பழைய ஹார்வி மில், இப்போது மதுரா கோட்ஸ். இவ்வளவு பெரிய பஞ்சாலை ஊர் நடுவில் எப்படி வந்தது? உண்மையில் அது ஊர் நடுவில் வரவே இல்லை. 1875-ல் மதுரைக்கு ரயில் வந்தது. 1890களில் அந்தத் தண்டவாளத்தை ஒட்டி, அன்றைய ஊரின் மேற்கு ஓரத்தில் ஆலை எழுந்தது. பருத்தி வந்து இறங்கவும் நூல் ஏறிப் போகவும் அதுதான் தோதான இடம். பிறகு ஊர் வளர்ந்து ஆலையைச் சுற்றிக்கொண்டது.

இப்போது விரலைக் கிழக்கே, மாசி வீதிகள் பக்கம் நகர்த்துங்க. சுங்குடிச் சேலையை எடுத்துக்கொள்வோம். 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற இந்தச் சேலை ஒரே கூரைக்குக் கீழ் உருவாவதில்லை. முடிச்சுப் போடும் பெண்கள் ஒரு தெருவில், சாயம் தோய்ப்பவர் இன்னொரு தெருவில், வாங்கி விற்கும் கடை விளக்குத்தூண் பக்கம். துணி மூட்டை கைமாறிக்கொண்டே இருக்கும். அதனால் எல்லாரும் கிட்டக் கிட்ட இருந்தால்தான் வேலை ஓடும். லேத் பட்டறைக்கும் இதே கதைதான். புதிதாகத் தொடங்குபவரிடம் எல்லா மெஷினும் இருக்காது. வெல்டிங்குக்குப் பக்கத்துக் கடை, உதிரி பாகத்துக்கு எதிர்க்கடை. வாடகை கூடுதல்தான், ஆனாலும் நடுவூரை விட மனசு வராது.

இது மதுரைக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. கொலம்பியாவின் பொகோட்டா, தென் கொரியாவின் சியோல் நகரங்களை வைத்து உலக வங்கி செய்த ஆய்வுகளிலும் இதுவே தெரிந்தது. சிறு தொழில்கள் நடுவூரில் பிறக்கின்றன. வளர்ந்து இடம் போதாமல் போகும்போது வெளியே நகர்கின்றன.

வெளியே என்றால் எங்கே? சாலைகளைப் பிடித்துக்கொண்டு போங்க. மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டி டயர் தொழிற்சாலை. தெற்கே, ரிங் ரோடு நான்குவழிச் சாலையைத் தொடும் இடத்தில் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை. டயர் ஆலைக்குப் பக்கத்துக் கடை தேவையில்லை. அதற்கு வேண்டியது பல ஏக்கர் நிலமும் லாரி திரும்ப இடமும்தான். கே.புதூர் தொழிற்பேட்டையும் ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே இருந்ததுதான். இன்று நாலாபக்கமும் வீடுகள். விளாச்சேரி பொம்மைத் தொழில் மட்டும் ரயிலையோ ரோட்டையோ பார்த்து வந்ததல்ல. அதைப் பிடித்து வைத்திருப்பது களிமண்.

சரி, வீடுகளுக்கு நடுவே உள்ள சாயப்பட்டறைகளை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டால் போதுமா? கழிவுநீர் விஷயத்தில் அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் பட்டறை பதினைந்து கிலோமீட்டர் தள்ளிப் போனால், அடுப்பு வேலைக்கு இடையே முடிச்சுப் போடும் அக்கா மூட்டையை எடுத்துக்கொண்டு பஸ் ஏற வேண்டும். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அது டிக்கெட் காசை மிச்சப்படுத்தும், போய்வரும் இரண்டு மணி நேரத்தை அல்ல. அந்த நேரம் இல்லாதவர் வேலையையே விட்டுவிடுவார். இடம் மாற்றும் திட்டம் எதுவானாலும் அவரையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நீங்களே ஒரு பட்டறை வைக்கப்போகிறீர்களா? வாடகை குறைவு, ரோடு நல்லா இருக்கு என்று உடனே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீங்க. முதலில் இடத்தின் சர்வே எண்ணை வாங்குங்க. அதைக் கொண்டு நகர் ஊரமைப்பு அலுவலகத்தில், அந்த நிலம் குடியிருப்பா, தொழிலா, விவசாயமா, எந்தப் பயன்பாட்டில் இருக்கிறது என்று கேளுங்க. குடியிருப்பு மனையில் எல்லாத் தொழிலுக்கும் அனுமதி கிடைக்காது. அடுத்து, மாசு கட்டுப்பாட்டு வாரியம் உங்கள் தொழிலை எந்த நிறத்தில் வைத்திருக்கிறது என்று பாருங்க. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று வகைகள் உண்டு. சாயத்தொழில் சிவப்பு. வெள்ளை வகைக்கு இசைவாணை வாங்க வேண்டியதில்லை, தகவல் தெரிவித்தால் போதும்.

உத்யம் பதிவை ஆதார் எண்ணைக் கொண்டு நீங்களே போனில் செய்துகொள்ளலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, யாராவது கேட்டால் கொடுக்காதீங்க. கடன், மானியம் பற்றிய சந்தேகங்களுக்கு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்க. போகும்போது அந்த சர்வே எண்ணையும் கையில் வைத்திருங்க.