தக்கோலத்தில் தொடங்கும் உலக வரலாறு

திருத்தணியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பலருக்கு உலக வரலாறு என்றாலே மலைப்பு. மெசபடோமியா, ரோம், அப்பாசியர், மிங் வம்சம் என்று பெயர்கள் வரிசைகட்டும்; அடுத்த வாரமே பாதி மறந்துவிடும். என் அனுபவத்தில் கைகொடுத்த வழி ஒன்றுதான்: பக்கத்து ஊர்களோடு உலகத்தை முடிச்சுப் போட்டுப் படிப்பது.

நோட்டில் மூன்று பத்திகள் போதும்: ஆண்டு, நம் பக்கம், வெளியுலகம்.

முதல் வரி, திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கம். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகள் கண்டெடுத்த இடம். அங்குள்ள கைக்கோடரிகளுக்கு 15 லட்சம் ஆண்டு வயது என்கிறது 2011-இல் வெளியான ஆய்வு. ஆப்பிரிக்காவில் கிடைக்கும் அச்செலியன் கருவிகளும் இதே வகைதான்.

அடுத்தது, திருத்தணி வீரட்டானேசுவரர் கோயில். 9-ஆம் நூற்றாண்டில் அபராஜிதவர்மப் பல்லவன் காலத்தில் எழுந்த கற்றளி. கருவறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், சுவர் மூலையே இல்லாமல் அரைவட்டமாக வளைந்து திரும்பும். தூங்கானை மாட அமைப்பு. அந்த நூற்றாண்டில்தான் பாக்தாத்தில் கிரேக்க நூல்கள் அரபிக்கு வந்துகொண்டிருந்தன.

949-இல் தக்கோலப் போர். ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனை எதிர்த்த சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமீது இருந்தபடியே உயிர்விட்டான். 11 ஆண்டுகளில் சீனாவில் சுங் வம்சம் எழுந்தது. தக்கோலத்தில் நொறுங்கிய சோழர்கள் மீண்டெழுந்து, 1015-இல் அந்தச் சுங் அரசவைக்கே தூதுக்குழு அனுப்பினார்கள். இப்படி இரண்டு பத்திகளும் ஓரிடத்தில் சந்தித்துவிட்டால், அந்த ஆண்டு பிறகு மறக்காது.

ஆண்டோடு நிற்காமல் காரணத்தையும் தேட வேண்டும். டச்சுக்காரர்கள் 1613-இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை ஏன் கட்டினார்கள்? அவர்களுக்கு வேண்டியது மலுக்குத் தீவுகளின் கிராம்பும் ஜாதிக்காயும். அங்கே அவற்றுக்கு ஈடாகக் கேட்கப்பட்டது சோழமண்டலக் கரையின் துணி. தறியும் வாசனைப்பொருளும் ஒரே கணக்கில் வந்துவிடுகின்றன. 1565-இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விஜயநகரம் தளர்ந்ததையும், 1639-இல் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர் ஆங்கிலேயருக்குச் சென்னையில் இடம் கொடுத்ததையும் இதோடு சேர்த்துப் படித்தால், நவீன காலத் தொடக்கம் தானாகப் புரியும்.

திருத்தணி மாணவர்களே, ஒரு ஞாயிறு தக்கோலத்துக்கும் இன்னொரு ஞாயிறு பழவேற்காட்டு டச்சுக் கல்லறைக்கும் போய் வாருங்கள். கையில் நோட்டும் அட்லஸும் இருக்கட்டும்.