காலண்டர் தாளின் பின்பக்கம்

கேள்வி: நான் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவள். வயது 34. பத்து வருடமாகச் சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் டிசைனர் வேலை. காலை பத்து மணியிலிருந்து இரவு ஏழு வரை சிஸ்டம் முன்னால்தான். "லோகோவை இன்னும் கொஞ்சம் பெரிசாக்குங்க", "இந்தச் சிவப்பு வேண்டாம், வேற சிவப்பு போடுங்க" என்று கிளையன்ட் சொல்லச் சொல்ல மாற்றிக்கொண்டே இருப்பேன். எனக்கென்று ஒரு படம் வரைந்து மூன்றரை வருடம் ஆகிறது. மூன்றடிக்கு நாலடியில் பிரைமர் அடித்த கான்வாஸ் ஒன்று பரணில் கிடக்கிறது. போன பொங்கல் விடுமுறையில் அதை இறக்கினேன். இரண்டு மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு கோடுகூடப் போடாமல் மறுபடி ஏற்றிவிட்டேன். கூடப் படித்தவர்களின் கண்காட்சிப் படங்கள் இன்ஸ்டாகிராமில் வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். ஒரு தோழி 'கிரியேட்டிவிட்டி கோச்சிங்' எடுக்கச் சொல்கிறாள். ஆன்லைனில் பன்னிரண்டு வாரம், 36,000 ரூபாயாம். "பேசாம ஒரு டிராயிங் கிளாஸ் போயேன்" என்கிறார் கணவர். எனக்குக் கை வற்றிவிட்டதா? இந்தக் கோச்சிங் உண்மையிலேயே உதவுமா, இல்லை ஏமாற்று வேலையா? பணத்தைக் கட்டலாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை)

பதில்: மூன்றுக்கும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கை வற்றவில்லை. வற்றியவர் பரணில் ஏறிக் கான்வாஸை இறக்க மாட்டார். இறக்கினாலும் இரண்டு மணி நேரம் அதன் முன்னால் உட்கார மாட்டார். கோச்சிங் ஏமாற்று வேலை இல்லை. ஆனால் விளம்பரம் சொல்கிற வேலையை அது செய்வதும் இல்லை. பணத்தை இப்போது கட்ட வேண்டாம். இனி காரணங்களைச் சொல்கிறேன்.

கோச்சிங் என்றதும் நமக்கு நீட், டிஎன்பிஎஸ்சி மையங்கள்தான் நினைவுக்கு வரும். பாடம் நடத்துவார்கள், மாதிரித் தேர்வு வைப்பார்கள், மார்க் போடுவார்கள். கலைஞருக்கான கோச்சிங்கில் பாடமும் கிடையாது, மார்க்கும் கிடையாது. தெரியாததைச் சொல்லித் தருபவர் ஆசிரியர். நோயைப் பார்ப்பவர் மருத்துவர். உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த வேலையை நீங்கள் ஏன் செய்யாமல் இருக்கிறீர்கள் என்று உங்கள் வாயாலேயே சொல்லவைத்து, அடுத்த வாரத்துக்குள் செய்து முடிக்கக்கூடிய ஒரு சின்னக் காரியத்தை உங்களிடமிருந்தே வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் மறக்காமல் "என்ன ஆச்சு?" என்று கேட்பவர் கோச். அவ்வளவுதான் அவர் வேலை. கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது, இல்லையா? அது ஏன் வேலை செய்கிறது என்பதுதான் விஷயம்.

இந்த முறைக்கு வேர் ஒரு டென்னிஸ் மைதானத்தில் இருக்கிறது. திமோத்தி கால்வே என்ற அமெரிக்கப் பயிற்சியாளர், தான் எவ்வளவுக்கு எவ்வளவு திருத்தம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு மாணவரின் உடம்பு இறுகிப்போவதைக் கவனித்தார். மணிக்கட்டை இப்படி வை, தோளை அப்படித் திருப்பு என்பதையெல்லாம் நிறுத்திவிட்டு, ஒரே ஒரு காரியம் செய்யச் சொன்னார்: பந்து தரையில் படும்போது ஒரு சொல், மட்டையில் படும்போது ஒரு சொல், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கண் பந்தைப் பிடித்துக்கொண்டது, மண்டைக்குள் இருந்த கண்காணிப்பாளருக்கு வேலை இல்லாமல் போனது, அடி தானாகச் சரியாயிற்று. 1974இல் அவர் இதைப் புத்தகமாக எழுதினார். 1986இல் பாரி கிரீன் என்ற இசைக்கலைஞர் இதையே இசைக்குப் பொருத்தி இன்னொரு புத்தகம் கொண்டுவந்தார். இரண்டுக்கும் சாரம் ஒன்றுதான்: செய்கிற ஆளும் திட்டுகிற ஆளும் ஒரே நேரத்தில் ஒரே நாற்காலியில் உட்கார முடியாது. திட்டுகிறவரைக் கொஞ்ச நேரம் வெளியே உட்கார வைப்பதற்குத்தான் இன்னொரு மனிதர் தேவைப்படுகிறார்.

உங்கள் நிலைமை புதிதும் இல்லை. ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவின் முதல் சிம்பொனி 1897இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறிப் படுதோல்வி அடைந்தது. பைபிளில் வரும் எகிப்தின் வாதைகளோடு ஒப்பிட்டு ஒருவர் விமர்சனம் எழுதினார். அப்போது ரக்மானினோவுக்கு 23 வயது. அதன் பிறகு ஏறத்தாழ மூன்று வருடம் பெரிதாக எதையும் அவரால் எழுத முடியவில்லை. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: அந்த வருடங்களில் அவர் இசையை விட்டு ஓடிவிடவில்லை. மாஸ்கோவில் ஒரு தனியார் ஆபரா குழுவில் இசை நடத்துநராக வேலை பார்த்தார். அடுத்தவர்களின் இசை அவர் கையில் ஓடிக்கொண்டிருந்தது. சொந்த இசைதான் நின்றுபோயிருந்தது. நீங்கள் பகல் முழுக்க வரைந்துகொண்டே, வரையவில்லை என்று எழுதியிருப்பதும் இதேதான்.

உறவினர்கள் அவரை நிக்கொலாய் தால் என்ற மருத்துவரிடம் அனுப்பினார்கள். 1900 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை சந்திப்புகள் நடந்தன. தால் ஹிப்னாடிசம் மூலம் சிகிச்சை செய்தவர். தானே வயோலா வாசிக்கும் இசைப் பிரியர். இசையமைக்கச் சொல்லித்தரும் நிலையில் அவர் இல்லை. உன்னால் எழுத முடியும் என்பதை ஒரே நிதானத்தோடு திரும்பத் திரும்பச் சொன்னார், இசையைப் பற்றிப் பேசினார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே இரண்டாவது பியானோ கான்செர்ட்டோவின் இரண்டு பகுதிகள் மேடையேறின, 1901இல் முழுமையாக. ரக்மானினோவ் அதைத் தாலுக்கே சமர்ப்பணம் செய்தார். இன்றுவரை உலகம் முழுக்க வாசிக்கப்படும் படைப்பு அது. ஆனால் தோற்றுப்போன அந்த முதல் சிம்பொனி அவர் உயிரோடு இருந்தவரை மறுபடி மேடையேறவே இல்லை. பழைய காயத்தை ஆற்றிவிட்டு அவர் எழுத உட்காரவில்லை. காயம் அதுபாட்டுக்கு இருக்க, அடுத்ததை எழுதினார். தால் செய்தது மருத்துவம், கோச்சிங் இல்லை. இருந்தாலும் ஒரு கலைஞருக்கு இன்னொரு மனிதர் எந்த அளவுக்குத் துணையிருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

அடுத்து, கிளையன்ட் விஷயம். தெரசா அமபிலி என்ற அமெரிக்க உளவியலாளர் 1985இல் எழுத்தில் ஈடுபாடுள்ள 72 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார். கவிதை எழுத உட்காருமுன் ஒரு பிரிவினரிடம் பணம், பாராட்டு, பிறர் மதிப்பு போன்ற வெளிக் காரணங்களின் பட்டியலைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார். இன்னொரு பிரிவுக்கு, எழுதுவதில் கிடைக்கும் சந்தோஷம் போன்ற உள்காரணங்கள். வெளிக் காரணங்களைச் சில நிமிடம் யோசித்தவர்களின் கவிதைகளில் படைப்பூக்கம் குறைந்திருந்ததாக நடுவர்கள் மதிப்பிட்டார்கள். சில நிமிடத்துக்கே இப்படியென்றால், பத்து வருடம் "வேற சிவப்பு" கேட்டவர்களின் குரல் உங்களுக்குள் எவ்வளவு ஆழமாக உட்கார்ந்திருக்கும்! வெள்ளைக் கான்வாஸ் முன்னால் நீங்கள் தனியாகவா உட்கார்ந்திருந்தீர்கள்? கிளையன்ட், அக்கவுண்ட் மேனேஜர், இன்ஸ்டாகிராம் நண்பர்கள் என்று எல்லோரும் பின்னால் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்காக வேலையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது, சோற்றுக்குப் பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள். விற்கிற பொருள் வயிற்றைப் பார்த்துக்கொண்டது. ஓவியம் ஓவியமாகவே இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு வரப்பு போட்டுக்கொண்டார்கள். உங்கள் விளம்பர வேலை உங்கள் பாத்திக். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வரப்புதான் இல்லை, அதைத்தான் போட வேண்டும்.

எப்படிப் போடுவது? என்னிடம் கோச்சிங்குக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பத்திரிகைகளுக்குக் கதைப்படம் வரைபவர். கேட்டால் அரை மணியில் படம் தருவார். தனக்கென்று வரைய உட்கார்ந்தால் கை ஓடாது. முதல் சந்திப்பில் கலை, தேடல் என்று நிறையப் பேசினார். நான், "எந்தத் தாளில் வரைய உட்காருகிறீர்கள்?" என்று கேட்டேன். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கெட்டித் தாள், ஒவ்வொன்றும் பல நூறு ரூபாய், மொத்தம் இருபது வைத்திருக்கிறார். "எத்தனை வீணாக்கியிருக்கிறீர்கள்?" என்றேன். ஒன்றுகூட இல்லையாம். உறைகூடப் பிரிக்கவில்லை. சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

அவர் வீட்டு ஹாலில் தினசரி காலண்டர் தொங்கியது. ஒருபக்கம் தேதி, ராகுகாலம், எமகண்டம். பின்பக்கம் வெறும் தாள். "தினமும் காலையில் கிழித்த தாளில், காபி ஆறுவதற்குள், பால்பாயிண்ட் பேனாவால் எதிரே இருப்பதை வரையுங்கள். அழிக்கக் கூடாது, யாருக்கும் காட்டக் கூடாது. வாரக் கடைசியில் எத்தனை தாள் என்று எண்ணிக்கை மட்டும் எனக்கு வாட்ஸாப்பில் அனுப்புங்கள்" என்றேன். முதல் வாரம் நான்கு. இரண்டாவது வாரம் ஏழு. காபி டம்ளர், டபரா, ஸ்விட்ச் போர்டு, செருப்பு ஸ்டாண்டு. நாலாவது வாரம் ஒன்பது என்று வந்தது. வாரத்துக்கு ஏழு தாள்தானே என்று கேட்டால், பக்கத்து வீட்டுக் காலண்டரிலும் கிழித்து வாங்கிக்கொண்டாராம்! குப்பைக்குப் போகிற தாளில் தப்பு செய்ய யாருக்கும் பயமில்லை. இதில் நான் அவருக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுமே இல்லை. ஒரு கேள்வி கேட்டேன், வாராவாரம் எண்ணிக்கை கேட்டேன். கோச்சிங்கின் பலமும் எல்லையும் இதுதான்.

இனி பணம். நம் நாட்டில் கோச் என்று பலகை மாட்ட எந்த உரிமமும் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் மாட்டலாம். 1995இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு மூன்று நிலைகளில் சான்றிதழ் தருகிறது. அவற்றுக்கு முறையே 100, 500, 2,500 மணி நேர அனுபவம் கேட்கிறது. சான்றிதழ் இருந்தால் நல்லது, அதுமட்டும் போதாது. பணம் கட்டுவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: முதல் சந்திப்பை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ தருவீர்களா? பாதியில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்ப வருமா? நீங்களே ஏதாவது ஒரு கலையில் கையை அழுக்காக்கியவரா? "பன்னிரண்டு வாரத்தில் கண்காட்சி வைக்கவைக்கிறேன்" என்று உறுதி சொல்பவரிடமிருந்து தள்ளியே நில்லுங்கள். அந்த முதல் சந்திப்பில் அவர் அதிகம் பேசினாரா, நீங்கள் அதிகம் பேசினீர்களா என்றும் பாருங்கள். அவரே பேசிக்கொண்டிருந்தால் அது சொற்பொழிவு.

பன்னிரண்டு வாரக் கணக்கை இந்தத் துறையில் பிரபலமாக்கியது ஜூலியா கேமரன் 1992இல் வெளியிட்ட 'தி ஆர்ட்டிஸ்ட்ஸ் வே' என்ற புத்தகம். தினமும் காலையில் எழுந்ததும் மூன்று பக்கம் கையால் எழுத வேண்டும், மனதில் வருவதையெல்லாம். வாரம் ஒருமுறை தனியாக ஓரிடத்துக்குப் போய்ச் சும்மா பார்த்துவிட்டு வர வேண்டும். அடிப்படை இவ்வளவுதான். புத்தகத்தின் விலை உங்கள் கட்டணத்தில் ஒரு சிறு துளி. முதலில் அதை வாங்கிப் பாருங்கள். எண்ணிக்கை கேட்க ஓர் ஆள் வேண்டுமென்றால், கூடப் படித்தவர்களில் உங்களைப் போலவே வரையாமல் இருப்பவர் ஒருவராவது இருப்பார். இன்ஸ்டாகிராமில் அவர் இருப்பது தெரியாது, அவ்வளவுதான். அவரைக் கூப்பிடுங்கள். ஒருவருக்கொருவர் எண்ணிக்கை அனுப்புங்கள். இரண்டு மாதம் இதைச் செய்தும் நகரவில்லை என்றால், அப்போது கோச்சைத் தேடுங்கள். அந்தச் செலவுக்கு அப்போது அர்த்தம் இருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்க வேண்டாம். வரைவதில் மட்டுமல்லாமல் எதிலுமே பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் மனசு இருண்டே கிடந்தால் அது கோச் பார்க்கிற விஷயமே இல்லை. மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும்.

கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: டிராயிங் கிளாஸ் கைக்குப் பாடம் சொல்லித்தரும், உங்கள் கைக்குப் பாடம் தேவையில்லை. அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். காலையில் பத்து நிமிடம் வீட்டு வேலையை அவர் பார்த்துக்கொண்டால், எந்த கிளாஸும் தராத உதவி அது.

பரணில் இருக்கும் கான்வாஸ் அங்கேயே இருக்கட்டும், இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள். கும்பகோணத்தில் படித்தபோது குளக்கரையிலும் பஸ் ஸ்டாண்டிலும் உட்கார்ந்து ஸ்கெட்ச் போட்டிருப்பீர்கள். ஆள் நகர்ந்துவிடுவான், பஸ் கிளம்பிவிடும், பாதியில் நிற்கும் கோட்டைப் பற்றிக் கவலைப்படாமல் அடுத்த தாளைப் புரட்டியிருப்பீர்கள். அந்தக் கைதான் இப்போதும் உங்களிடம் இருக்கிறது. நாளைக் காலையில் காலண்டரைக் கிழிக்கும்போது தாளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். படம் வேண்டாம். எத்தனை தாள் என்று மட்டும் சொன்னால் போதும்.