வெடிக்காத ஹைட்ரஜன்

மாமா பையன் லேப்டாப்பில் ‘ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட்’ விளையாட்டைப் பார்த்தேன். 2019-ல் வந்தது. சிறுகோளுக்குள்ளே குடியிருப்பு அமைத்து ஆட்களைக் காப்பாத்தணும். அதில் 1000 கிராம் தண்ணீரை மின்சாரத்தால் பிரித்தால் 888 கிராம் ஆக்சிஜன், 112 கிராம் ஹைட்ரஜன். நம்ம பாடக்கணக்கேதான்! ஹைட்ரஜன் லேசு, கூரையில் தங்குது. அதுவும் சரி. ஆனா பக்கத்திலேயே நிலக்கரி ஜெனரேட்டர் ஓடியும் வெடிக்கலை!

நிஜத்தில் காற்றில் ஹைட்ரஜன் 4 முதல் 75 சதவீதம் இருந்தால் ஒரு பொறி போதும். இந்த விதியை விளையாட்டில் சேர்த்தால் கூரையில் விளக்கு மாட்டவே பயம் வரும். 75-ஐத் தாண்டினால் வெடிக்காது, ஆனா ஆளுக்கு மூச்சு ஏது?

சமையல் காஸ் நேர்மாறு. கனம், தரையில் தங்கும். போன மாசம் ராத்திரி வீட்டில் காஸ் வாடை. அம்மா லைட் சுவிட்ச் போடப் போனாங்க. கையைப் பிடிச்சுட்டேன். இருட்டிலேயே கதவைத் திறந்தோம்.