கேமரா இருக்கும் வீட்டுக்கு: தாபோடியிலிருந்து சில குறிப்புகள்

புனேயிலிருந்து லோணாவளா போகும் லோக்கல் ரயிலில் கட்கி தாண்டி, முளா ஆற்றுப் பாலமும் கடந்ததும் வரும் ஊர் தாபோடி. ஷிப்ட் வேலை, பிள்ளைகளின் பள்ளி, ரேஷன், மாவரைப்பு எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு கேமராவையும் வளர்ப்பவர்கள் இங்கே உண்டு. எந்தக் கேமரா வாங்கலாம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வாங்கியதை வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது, பக்கத்துத் தெருவில் எதை எடுப்பது, எடுத்ததை எப்படிக் காப்பாற்றுவது என்று சொல்லத்தான் ஆள் குறைவு. அதற்காகவே இந்தக் குறிப்புகள்.

1. ஜூன் பிறப்பதற்குள் கேமராவைப் பீரோவிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். துணிகளுக்கு நடுவே இருட்டிலும் ஈரத்திலும் நான்கு மாதம் கிடந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் தெரியும். ஆரம்பத்தில் கவனித்தால் சுத்தம் செய்துவிடலாம். விட்டுவிட்டால் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும். பிறகு எந்த மெக்கானிக்காலும் பழையபடி ஆக்க முடியாது.

2. விலை உயர்ந்த டிரை கேபினட் எல்லோருக்கும் தேவையில்லை. ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் பெரிய பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், இந்த மூன்றும் போதும். மீட்டர் 40க்கும் 50க்கும் இடையே நிற்க வேண்டும். 60 தாண்டினால் ஜெல் களைத்துவிட்டது என்று அர்த்தம். 30க்குக் கீழே நெடுநாள் இருப்பதும் நல்லதல்ல, ரப்பர் பாகங்கள் காய்ந்துபோகும்.

நீல நிற ஜெல் ஈரத்தைக் குடிக்கக் குடிக்க ரோஸ் நிறமாகும். சமையலுக்கு இனி வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய இரும்புச் சட்டியில் கொட்டி, அடுப்பைச் சிம்மில் வைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் சட்டி ஓரத்திலுள்ள மணிகள் மங்கிய ஊதாவாகும், அப்புறம் அங்கங்கே நீலம் தலைகாட்டும், கடைசியில் சட்டி முழுவதும் மயில்கழுத்து நிறத்துக்கு வந்துவிடும். உடனே இறக்கி, ஆறவிட்டு, துணிப்பையில் கட்டி டப்பாவில் போடுங்கள். தீயைக் கூட்டினால் மணிகள் வெடித்துப் பொடியாகும். அந்த நீலத்துக்குக் காரணமான கோபால்ட் உப்பு நஞ்சு. எனவே அந்தச் சட்டி மறுபடி சமையலுக்குத் திரும்பவே கூடாது, ஜன்னலும் திறந்திருக்கட்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் ஆரஞ்சு நிற ஜெல் வாங்குவதே சரி.

3. கேமரா பையில் அந்துருண்டை போடவே வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியில் படலமாகப் படியும். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மழைக்காலம் முடியும்வரை அதைக் கழற்றித் தனியே வையுங்கள். சாம்பிராணி போடும் நேரத்திலும் வடை சுடும் நேரத்திலும் கேமரா மூடிய டப்பாவில் இருக்கட்டும். எண்ணெய்ப் புகை படிந்த லென்ஸைத் துடைப்பது பெரும்பாடு.

4. துடைப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் ரப்பர் பம்பால் தூசியை ஊதுங்கள், அடுத்து மெல்லிய பிரஷ், கடைசியாகத்தான் மைக்ரோஃபைபர் துணி. சட்டை நுனியால் துடைத்தால் மணல் துகளையே கண்ணாடியில் தேய்த்ததாகிவிடும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். செல்போனில் எடுப்பவர்களுக்கு இன்னும் சுலபம்: படமெடுக்கும் முன் லென்ஸை ஒரு தடவை துடையுங்கள். மங்கலான படங்கள் பல கைரேகையால் வருபவை.

5. குளிர்ந்த ஏசி பஸ்ஸிலிருந்து மழைக்காற்றில் இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் கண்ணாடி வியர்த்துவிடும். இறங்குவதற்கு முன்பே ஜிப் கவரில் போட்டு மூடிவிடுங்கள். வெளிச்சூட்டுக்குப் பழக அரைமணி நேரம் கொடுத்துவிட்டுத் திறவுங்கள். ஈரம் கவரின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும்.

6. நனைந்துவிட்டால் முதல் வேலை அணைப்பது. அடுத்தது பேட்டரியையும் கார்டையும் கழற்றுவது. 'வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று ஆன் செய்யாதீர்கள், ஷார்ட் ஆவது அப்போதுதான். ஹேர் டிரையர் ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். அரிசிப் பானைக்குள் புதைத்தால் தவிட்டுத் தூள்தான் ஏறும். துணியால் ஒற்றி, ஃபேன் காற்றில் வைத்து, பிறகு சிலிக்கா ஜெல் டப்பாவில் இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள்.

7. வீட்டின் சிறந்த ஸ்டூடியோ சமையலறை ஜன்னல்தான். டியூப்லைட்டை அணையுங்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப் வெளிச்சமும் கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் பச்சையுமாகத் தெரியும். வெயில் நேராக அடித்தால் ஒற்றை வேட்டியை ஜன்னலில் கட்டுங்கள், வெளிச்சம் பஞ்சாகிவிடும். நிழல் விழும் பக்கத்தில் வெள்ளைத் தெர்மாகோல் அட்டை ஒன்றைச் சாய்த்து வைத்தால் கன்னத்துக் கருமை தெளியும்.

இட்லித் தட்டைத் திறக்கும்போது ஆவி படத்தில் விழ வேண்டுமா? வெளிச்சம் ஆவிக்குப் பின்னாலிருந்து வர வேண்டும், பின்னணியும் இருட்டாக இருக்க வேண்டும். முன்னாலிருந்து ஃப்ளாஷ் அடித்தால் ஆவி காணாமல் போகும். வாசல் கோலத்தை எடுப்பவர்கள் வெயில் தாழ்ந்து பக்கவாட்டில் விழும் காலை நேரத்தைப் பிடியுங்கள். கோலமாவின் மேடும் இழையும் அப்போதுதான் தெரியும்.

8. தாபோடியில் இருப்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1828இல் பம்பாய் கவர்னராக இருந்த ஜான் மால்கம் இங்கே ஒரு மாளிகையையும் அதைச் சுற்றியிருந்த நிலத்தையும் அரசுக்காக வாங்கினார். அந்த நிலம் பம்பாய் மாகாணத்தின் தாவரவியல் தோட்டமாயிற்று. ஆங்கிலேயர் ஆவணங்களில் இந்த ஊரின் பெயர் 'தாபூரி'. 1838இலிருந்து அலெக்சாண்டர் கிப்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். 1847க்கும் 1850க்கும் இடையே அவர் ஒரு ஓவியரை வைத்து, இங்குள்ள செடிகளைப் பூவும் காயும் இலையுமாக வரையச் செய்தார். தோட்டம் 1860களில் மூடப்பட்டது. ஓவியங்கள் இன்று எடின்பரோ அரச தாவரவியல் தோட்டத்தில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி ஹென்றி நோல்ட்டி எழுதிய நூல் 2002இல் வெளிவந்தது.

வரைந்தவர் போர்த்துகீசிய இந்தியர் என்று தெரிகிறது, பெயர் தெரியவில்லை. இத்தனை நுணுக்கமாகப் பார்த்த கண்ணுக்குச் சொந்தக்காரர் யாரென்று ஒரு மூலையில் எழுதி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்றுவரை உண்டு. நம் படங்களுக்கு அந்த நிலை வர வேண்டாம். கேமராவின் மெனுவில் எடுத்தவர் பெயரைப் பதிந்து வைக்க ஓர் இடம் இருக்கும். இன்றே பதியுங்கள். தேதியும் நேரமும் சரிதானா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

அந்த ஓவியரின் வேலையை நாமும் தொடரலாம். உங்கள் தெருவில் ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். குல்மொஹர் ஆகலாம், தூங்குமூஞ்சி ஆகலாம். மகாராஷ்டிரத்தின் மாநிலப் பூவான பூமருது அருகில் இருந்தால் இன்னும் நல்லது, ஏப்ரல் மே வெயிலில் ஊதாவாகப் பூத்து நிற்கும். மாதம் ஒருமுறை, அதே இடத்தில் நின்று, அதே லென்ஸில் முழு மரத்தையும் எடுங்கள். பிறகு கிட்டப் போய்ப் பட்டை, துளிர், மொட்டு, காய் என்று தனித்தனியாக. ஓர் ஆண்டு முடியும்போது உங்களிடம் ஒரு மரத்தின் முழுக் கதை இருக்கும். வெளியூர் போக லீவு கிடைக்கவில்லை என்று குறைப்படும் எல்லோருக்கும் நான் சொல்லும் முதல் பயிற்சி இதுதான்.

9. நடந்துபோகும் தூரத்தில் எடுக்க இன்னும் எவ்வளவோ இருக்கிறது. பவனா ஆறு முளாவில் கலக்கும் இடம், ஆகாயத்தாமரை மூடிய நீரில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு, ஹாரிஸ் பாலத்துப் போக்குவரத்து, 2023 ஆகஸ்டில் திறந்த மெட்ரோ நிலையத்திலிருந்து தெரியும் கூரைகள். அரசு பஸ்களுக்கு உடம்பு கட்டும் மத்தியப் பணிமனையும் இந்த ஊரில்தான் இருக்கிறது. உள்ளே போக அனுமதி வேண்டும். ஆனால் ஷிப்ட் விடும் நேரத்தில் எதிர் டீக்கடையில் கூடும் முகங்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டாம், அவர்களிடம் கேட்டாலே போதும்.

10. ராணுவப் பொறியியல் கல்லூரியின் வேலியோரம் கேமராவை உயர்த்தாதீர்கள். பறவை அழகாக உட்கார்ந்திருந்தாலும் விட்டுவிடுங்கள். கட்கி பக்கத்து ராணுவத் தொழிற்சாலைகளுக்கும் இதே கட்டுப்பாடுதான்.

11. மனிதர்களை எடுக்கும்முன் கேளுங்கள். "காகா, ஃபோட்டோ காடூ கா?" என்றால் போதும். பெண்களிடம் "மாவ்ஷி" அல்லது "தாயி". இரண்டு வார்த்தை மராத்தி பேசியதும் இறுகியிருந்த முகம் இளகும். வேண்டாம் என்று தலையசைத்தால் நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள். குழந்தைகளை எடுக்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும்.

12. ஆஷாட ஏகாதசிக்காகத் தேகுவிலிருந்து பண்டரிபுரம் புறப்படும் துக்காராம் பால்கி (பல்லக்கு ஊர்வலம்), பழைய மும்பை–புனே சாலையில் தாபோடி வழியாகத்தான் புனேக்குள் நுழையும். அன்று ஓடியாடி எடுக்காதீர்கள், ஓரிடத்தில் நில்லுங்கள், ஊர்வலமே உங்களிடம் வரும். தலையில் துளசி மாடத்தோடு வரும் பெண்கள், தாளம் போடும் கால்கள், சேறு அப்பிய செருப்பு எல்லாம் கிடைக்கும். ஷட்டர் 1/500க்குக் குறையாமல் இருந்தால் குதிக்கும் வார்கரி பக்தர் அந்தரத்தில் நிற்பார். 1/30 வைத்தால் கூட்டம் ஆறு மாதிரி ஓடும். இரண்டையும் எடுத்துப் பாருங்கள். வரிசைக்குள் குறுக்கே புகக் கூடாது. அவர்கள் வழிபாட்டில் இருக்கிறார்கள்.

13. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் பயணத்துக்கு லோக்கல் ரயிலே போதும். மளவலியில் இறங்கினால் பாஜா குகைகளுக்கு நடந்தே போய்விடலாம், எதிர்ப்பக்கம் கார்லா. இரண்டு இடத்திலும் சைத்திய மண்டபம் (பௌத்த வழிபாட்டுக் கூடம்) மேற்கு பார்த்தது. அதனால் காலையில் போய் இருட்டில் திணறாமல் பிற்பகலில் போங்கள், சாயும் வெயில் தூண்களுக்கு இடையே நுழைந்து கல்லைப் பொன்னாக்கும். கார்லா கூரையில் ஈராயிரம் ஆண்டு பழைய மர வளைவுகள் இன்னும் இருக்கின்றன. தலையை நிமிர்த்திப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் ட்ரைபாட் விரிக்க முன் அனுமதி வேண்டும், தூணில் தோளைச் சாய்க்காமல் மூச்சைப் பிடித்து எடுங்கள். மதியத்தில் ரயில்களுக்கு இடையே நேரம் அதிகம், திரும்பும் வண்டியை முதலிலேயே பார்த்து வையுங்கள்.

14. குளிர்காலத்தில் பிக்வானுக்குப் போனால் உஜனி அணையின் தேங்குநீரில் பூநாரைகளைப் பார்க்கலாம். விடியலுக்குள் போய்ச் சேர வேண்டும். பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கூட்டத்தைக் கலைக்கச் சொல்லிப் படகோட்டியை நச்சரிக்காதீர்கள். அவை வந்திருப்பது இரை தேடி.

15. மழைப்பயணத்துக்கு ஹோட்டலில் தரும் ஷவர் கேப் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கேமரா மேல் மாட்டி ரப்பர் பேண்ட் போட்டால் உறை தயார். உபரி பேட்டரிகளை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். விமானத்தில் ஊருக்குப் போகிறவர்கள் உபரி பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும்.

16. வீடு திரும்பியதும் படங்களை இரண்டு இடத்தில் நகல் எடுங்கள், மூன்றாவது நகல் வேறொரு வீட்டில் அல்லது கிளவுடில் இருக்கட்டும். அதுவரை கார்டை ஃபார்மேட் செய்யக் கூடாது. செய்யும்போதும் கேமராவிலேயே செய்யுங்கள். ஆற்றோரம் தரைத்தளத்தில் இருப்பவர்கள் ஹார்ட் டிஸ்க், நெகட்டிவ், ஆல்பம் மூன்றையும் பரணில் வைத்துவிடுங்கள். அணையிலிருந்து நீர் திறந்தால் முளாவும் பவனாவும் எவ்வளவு வேகமாக ஏறும் என்று 2019லும் 2024லும் பார்த்தோம்.

17. ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய ஆல்பங்களுக்கும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். பசைத்தாளில் ஒட்டிய படத்தை நகத்தால் பெயர்க்காதீர்கள். பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலை ஒரு மூலையிலிருந்து அடியில் செலுத்தி, ரம்பம் மாதிரி மெதுவாக இழுத்தால் கிழியாமல் வரும். வராவிட்டால் ஆல்பத்தோடே படமெடுத்துவிடுங்கள். லேமினேஷன் வேண்டாம், ஒருமுறை செய்தால் திரும்பப் பிரிக்க முடியாது. படத்தின் பின்புறம் மெத்தென்ற பென்சிலால் லேசாக எழுதுங்கள்: யார், எந்த ஊர், எந்த வருஷம், எடுத்தது யார். பால்பாயின்ட் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். அத்தை, பெரியப்பா என்று உறவுமுறையை மட்டும் எழுதினால் பேரப்பிள்ளைகளுக்குப் புரியாது, பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பெயர் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டுவிடுங்கள்.

18. மாதம் நான்கைந்து படமாவது பிரிண்ட் போடுங்கள். ஒன்று உங்களுக்கு, மற்றவை படத்தில் இருப்பவர்களுக்கு. கையில் ஒரு பிரிண்டோடு மறுபடி போனால் அதே டீக்கடைக்காரர் தன் வீட்டையே திறந்துவிடுவார். சுவரில் மாட்டுவதாக இருந்தால் குளியலறைச் சுவரின் மறுபக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள், மழையில் ஓதம் ஏறும். நேர் வெயில் படும் சுவரும் வேண்டாம். ஃப்ரேமுக்குப் பின்னால் நான்கு மூலையிலும் சின்ன ரப்பர் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றோட்டம் இருக்கும்.