நாய்க்குட்டி ஃப்ரீ... அடுத்த 12 வருஷம்? தத்தெடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

ஈக்காட்டுத்தாங்கல்ல ஒன் பிஹெச்கே வீட்டுல வாடகைக்கு இருக்குற நம்ம நண்பர் ஒருத்தர் கேட்டார்: "எட்டு மாச ஜெர்மன் ஷெப்பர்ட் கிராஸ் ஒண்ணு தத்தெடுப்புக்கு வந்திருக்கு. காசு எதுவும் கேக்கல. எடுக்கலாமா ப்ரோ?"

நல்ல மனசு. ஆனா "காசு கேக்கல"ன்றது முதல் நாளுக்கு மட்டும்தான். வாங்க, கணக்கு போடலாம்.

1. மாசச் செலவு

பக்கத்து கிளினிக்லயும் பெட் ஷாப்லயும் விசாரிச்சு நண்பர் போட்ட கணக்கு இது:

- சாப்பாடு: ₹2,500
- தடுப்பூசி, குடற்புழு, உண்ணி மருந்து (மாச சராசரி): ₹500
- ஊருக்குப் போகும்போது நாயை விட்டுட்டுப் போற செலவு (மாச சராசரி): ₹500
- மத்தது: ₹500

மொத்தம் ₹4,000. வருஷத்துக்கு ₹48,000. 12 வருஷத்துக்கு ₹5.76 லட்சம். விலைவாசி வருஷம் 6% ஏறினா, சுமார் ₹8.1 லட்சம்! உங்க ஏரியால ரேட் மாறும், நீங்களே விசாரிச்சுப் போடுங்க.

2. நேரமும் ஒரு செலவுதான்

ஷெப்பர்ட்ன்னா மேய்ப்பர். ஆட்டு மந்தையோட நாள் முழுக்க ஓடுறதுக்காக வளர்த்த இனம். கிராஸா இருந்தாலும் அந்தத் துடிப்பு நிறைய வரலாம். காலைல 9 மணிக்குப் பூட்டிட்டு ராத்திரி 8 மணிக்கு வந்தா, அது சும்மா படுத்திருக்காது. செருப்பு, சோஃபா, கதவு எல்லாம் கடிபடும். அந்த ரிப்பேர் உங்க வாடகை அட்வான்ஸ்லதான் கழியும். அடர்த்தியான முடி வேற, சென்னை வெயில் தாங்காது. விடியக்காலைலயும் பொழுது சாய்ஞ்ச பிறகும் வாக்கிங் கட்டாயம்.

3. பேப்பர் வேலை

வீட்டு ஓனர் சம்மதத்தை அக்ரிமென்ட்லயே எழுதி வாங்குங்க, வாய் வார்த்தை போதாது. சென்னை மாநகராட்சி லைசென்ஸும் எடுக்கணும். அதுக்கு வெறிநோய் தடுப்பூசி சான்றிதழ் வேணும்.

4. எமர்ஜென்சி ஃபண்ட்

ஒரு எலும்பு முறிவு, ஒரு ஆபரேஷன் வந்தா மாச பட்ஜெட் தாங்காது. வேப்பேரில 1903ல தொடங்கின சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியோட மருத்துவமனை இருக்கு, தெரிஞ்சு வெச்சுக்கோங்க. ஆனா நடு ராத்திரி கைல பணம் இருக்கணும். இன்னொண்ணு, 2015 டிசம்பர்ல அடையாறு பெருகி இந்த ஏரியாவுக்குள்ளயே தண்ணி வந்தது. அப்படி ஒரு நாள் வந்தா நாயைத் தூக்கிட்டு எங்க போவீங்க? நாய் தங்க இடம் தர்ற ஒரு சொந்தக்காரரோ ஃப்ரெண்டோ இருக்காங்களான்னு இப்பவே பேசி வைங்க.

நண்பருக்கு என்ன பதில்?

கைக்கு வர்ற சம்பளம் ₹38,000. வாடகை ₹13,000, வீட்டுக்கு அனுப்புறது ₹8,000, சாப்பாடு, போக்குவரத்து ₹8,000, பைக் இஎம்ஐ ₹3,500. மிச்சம் ₹5,500. நாய் வந்தா மிச்சம் ₹1,500தான். சேமிப்போ ஜீரோ. அதனால இப்ப வேண்டாம்னு சொன்னேன்.

ஆனா இன்னும் அஞ்சு மாசத்துல பைக் இஎம்ஐ முடியுது. அதுவரைக்கும் நாய் இருக்குறதா நினைச்சு மாசம் ₹4,000 தனி அக்கவுன்ட்ல போடச் சொன்னேன். தினம் காலைல அஞ்சரைக்கு எழுந்து நடக்கவும் சொன்னேன். அஞ்சு மாசத்துல ₹20,000 சேரும், அதுதான் நாயோட எமர்ஜென்சி ஃபண்ட். இஎம்ஐ முடிஞ்சதும், நாய்ச் செலவு போக மாசம் ₹5,000 மிஞ்சும்.

"அதுக்குள்ள அந்த நாயை வேற யாராவது எடுத்துட்டா?"ன்னு கேட்டார். எடுத்தா சந்தோஷம், அதுக்கு ஒரு வீடு கிடைச்சிடுச்சு. வீடு தேடுற நாய் அப்பவும் வேற இருக்கும். எடுத்துட்டு மூணு மாசத்துல திருப்பிக் கொடுக்குறதுதான் கொடுமை. நமக்குப் போறது பணம், அதுக்குப் போறது நம்பிக்கை.

இந்த அஞ்சு மாச ரிகர்சல்ல ஒரு மாசம் தவறினாலும், "நான் இன்னும் ரெடி இல்ல"ன்னு ஒத்துக்கோங்க. தப்பே இல்ல. தவறாம முடிச்சா, தைரியமா கூட்டிட்டு வாங்க!

உங்க கணக்குல மாசம் எவ்வளவு வருது? கமெண்ட்ல சொல்லுங்க.