கல்வெட்டுக்கு வழிகாட்டும் நூல்கள்

கேள்வி: எங்கள் ஊர்ச் சிவாலயத்துக் கல்வெட்டுகளைப் பற்றி ஆய்வேடு எழுதி வருகிறேன். நூலகத்தில் எடுத்துப் பார்த்த சரித்திர நூல்கள் எங்கள் ஊரின் பெயரைக்கூடக் குறிப்பிடவில்லை. வேறு எவற்றைப் பார்க்க வேண்டும்?
- முதுகலை மாணவி, திருவாரூர் மாவட்டம்

பதில்: பேரரசுகளின் வரலாற்றைக் கூறப் புகுந்த பொதுநூல், ஒரு சிற்றூர் ஆலயச் சுவரிலுள்ள தானசாசனத்தைத் தனித்து எடுத்துரைக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று, அதற்கென்றே அறிஞர்கள் அரும்பாடுபட்டுத் தொகுத்த விசேஷக் குறிப்புதவி நூல்கள் இருக்கின்றன. முதலில், வி. ரங்காச்சாரியார் தொகுத்து 1919இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த சென்னை மாகாணக் கல்வெட்டுகளின் இடவாரிப் பட்டியலை நூலகரிடம் கேட்டு வாங்குங்கள். அதில் ஊர்கள் ஜில்லாவாரியாக வகுக்கப்பட்டிருத்தலின், தங்கள் ஊரைப் பழைய தஞ்சாவூர் ஜில்லாவின் கீழ்த் தேட வேண்டும். 1915 வரை திரட்டியவற்றோடு அப்பட்டியல் நின்றுவிடுவதால், பின்னர்ப் படியெடுக்கப்பட்ட சாசனங்களுக்கு, இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு வெளியிட்டுவந்துள்ள ஆண்டறிக்கைகளைப் புரட்டுவது அவசியம்.

அவ்வறிக்கைகள் சாசனம் இருக்கும் இடம், அரசன், ஆட்சியாண்டு, சாரம் ஆகியவற்றைச் சுருங்கச் சொல்லுமேயன்றி மூலபாடத்தைத் தருவதில்லை. ஆதலால், 'இன்ன ஆண்டின் இத்தனையாம் எண்' என்று அங்கே காணும் அடையாளத்தைக் குறித்துக்கொண்டு, 1890இல் ஹுல்ட்ஸ் பதிப்பித்த முதல் தொகுதியோடு தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் முழு வாசகத்தைத் தேடுங்கள். அவற்றுள் சில படியெடுத்த ஆண்டை ஒட்டியும், சில அரச வமிசத்தை ஒட்டியும் அமைந்திருத்தலால், எண், அரசன் பெயர் ஆகிய இரண்டும் கையிலிருத்தல் நலம். 'பள்ளிச்சந்தம்', 'குடிநீங்காத் தேவதானம்' போன்ற சொற்களுக்குப் பொருள் காண, வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்ஸிகனும், எ. சுப்பராயலுவின் தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதியும் உதவும்.

எந்தக் குறிப்புதவி நூலைத் திறந்தாலும், அது எந்த நோக்கத்தோடு, எந்த ஆண்டு வரை, எம்முறையில் தொகுக்கப்பட்டது என்பதை முன்னுரையில் படித்தறிந்த பின்னரே உள்ளே செல்லுங்கள். அவ்வெல்லையை அறியாதவர், பட்டியலில் காணாததை உலகிலேயே இல்லாததாக முடிவுகட்டிவிடுவர். இந்நூல்கள் யாவும் வழிகாட்டிகளே, சாட்சி கல்தான். ஆகவே, அச்சிட்ட வாசகத்தை ஆலயச் சுவரோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒவ்வொரு சாசனத்துக்கும் உரிய ஆண்டையும் எண்ணையும் தங்கள் ஆய்வேட்டில் தவறாது குறிப்பிடுங்கள். தங்களுக்குப் பின் வரும் ஆய்வாளருக்கு அதுவே பெரிய உபகாரம்.