சாறு தடுத்தது, தூள் தடுக்கவில்லை

கேள்வி: எம்.எஸ்சி. ஆய்வுக்காகப் புன்னை இலையின் மெத்தனால் சாற்றைச் சோதித்தேன். பெட்ரி தட்டில் பாக்டீரியா அண்டாமல் 14 மி.மீ. வளையம் விழுந்தது. அதிலிருந்து பிரித்த தூய பொருளை வைத்தால் வளையமே இல்லை. எங்கே தப்பு?
- வாசகி, நாகப்பட்டினம்

பதில்: சாற்றைக் கரைத்த டி.எம்.எஸ்.ஓ.வை மட்டும் தனியே ஒரு குழியில் விட்டுப் பார்த்தீர்களா? நான் திருத்தும் ஆய்வேடுகள் பலவற்றில் அந்தக் குழியைத்தான் காணோம். அடுத்த சந்தேகம் டானின். இலைக்குத் துவர்ப்பு தரும் இது எந்தப் புரதத்தைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும். வளையம் விழும், மருந்துக்கு ஆகாது.

இரண்டும் இல்லையென்றால், சிலிகா ஜெல் குழாயிலிருந்து பிடித்த பாட்டில்களை என்ன செய்தீர்கள்? பச்சைப் பட்டை இறங்கியதும், டி.எல்.சி. தகட்டில் புற ஊதா விளக்கின்கீழ் பளிச்சென்று தெரிந்த புள்ளியைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கழுவி ஊற்றுவதுதான் வழக்கம். அதிகம் இருப்பது சீக்கிரம் படிகமாகும். வேலை செய்வது அதுதான் என்று யார் சொன்னது? ஒவ்வொரு பாட்டிலையும் சோதியுங்கள். வளையம் தருவதை மட்டும் மேலும் பிரியுங்கள். எதிலுமே இல்லையா? எல்லாவற்றையும் திரும்பக் கலந்து பாருங்கள். கலந்ததும் வளையம் வந்தால் பல பொருள்கள் சேர்ந்து செய்யும் வேலை அது. அப்போதும் வராவிட்டால், பொருள் சிலிகாவில் சிதைந்திருக்கும், அல்லது அதிலேயே தங்கியிருக்கும்.

மரமும் ஏமாற்றும். 1987-இல் சரவாக் காட்டில் புன்னையின் உறவு மரமான கலோஃபில்லம் லானிஜெரத்தின் இலையும் சிறு கிளையும் பறித்தார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் சோதனையில் அந்தச் சாறு எச்.ஐ.வி.யைத் தடுத்தது, அதில் பிரித்த கலனோலைடு ஏ பற்றிய கட்டுரை 1992-இல் வந்தது. இன்னும் இலை வேண்டுமென்று போனால் மரத்தை வெட்டியிருந்தார்கள். அதே இனத்து வேறு மரங்களின் இலையில் அந்த வீரியம் இல்லை. பிறகு இன்னொரு உறவு மரத்தின் பாலில் கலனோலைடு பி கிடைத்தது; அதற்கு மரத்தை வெட்ட வேண்டாம், கீறிப் பால் எடுத்தால் போதும். கலனோலைடு ஏ-யை ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்து மனிதர்களிடம் சோதிக்கும்வரை போனார்கள். இன்றுவரை அது கடைக்கு வரவில்லை.

நீங்கள் எந்த மரத்தில், எந்த மாதம் பறித்தீர்கள்? கடிதத்தில் இல்லை. அந்த மரத்தின் பூத்த கிளை ஒன்றைச் செய்தித்தாளுக்கிடையில் அழுத்தி உலர்த்துங்கள். இடமும் தேதியும் எழுதி, தாவரவியல் துறை ஹெர்பேரியத்தில் கொடுத்து எண் வாங்கிவிட்டு, அடுத்த இலையைப் பறியுங்கள்.